திதிக்கான இடம்

மத்தியானம் கறண்ட் வந்து கொம்பியூற்றர் எழும்பியபோது, தான் எழுதாத ஒரு கோப்பு திரையில் இருப்பதைக் குணலட்சுமி கண்டாள். கோப்பின் பெயர் பரமலிங்கம். அவளுடைய கணவரின் பெயர்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த அச்சகத்தில் அவளுக்குக் கல்வெட்டு அடிக்கிற வேலை. செத்தவரின் படமும் பாட்டும் போட்டு, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம் கல்வெட்டு. முதலாளி கதிரவேலுவின் மருமகன் அதற்கென்றே ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். ‘அமை’ என்ற கட்டளையோடு இறந்தவரின் பெயரை அடித்தால் போதும். ஓரம் எவ்வளவு, கறுப்புக் கரை என்ன பருமன், படத்துக்கு எங்கே இடம், செத்த திதி என்ன என்றெல்லாம் கேட்டு ஒரு கோப்பை எழுதிவைக்கும். எழுத்து அடிக்கிற எடிற்றரைத் திறந்தால் பக்கம் அதன்படி தயாராக நிற்கும். கறண்ட் நின்று நின்று வருகிற ஊர் என்பதால், யந்திரம் எழும்பும்போதெல்லாம் அந்த நிரல் தானாக ஓடிக் கோப்புகளைப் புதிதாக எழுதும்.

அவள் கோப்பைத் திறந்தாள். ஓரம் சரி. கரை சரி. திதிக்கான இடத்தில், அபரபக்கத் திரயோதசி, தேய்பிறையின் பதின்மூன்றாம் நாள்.

போன வருடம் புத்தூருக்குச் சைக்கிளில் போன கணவரைச் சந்தியில் துவக்கோடு நின்றவர்கள் மறித்துக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. திதி தெரியாததால் அவரின் தாய், மாமி செல்வநாயகி, கிரியை செய்யவும் விடவில்லை, குணலட்சுமியின் பொட்டை அழிக்கவும் விடவில்லை. அவளுக்கு அழுகை நின்று கனகாலம். ஊரில் உள்ள சாவுகளை எல்லாம் அடித்து அடித்து விரலோடு நெஞ்சும் மரத்துப்போயிருந்தது.

“அண்ணை, எங்கடை வீட்டுக்காரரின்ரை பேரிலை ஒரு கோப்புக் கிடக்கு. நீங்களோ போட்டது?”

“சீ, நானேன் பிள்ளை அப்பிடிச் செய்யப்போறன்? அந்தப் பேரிலை வேறை ஆரும் இருப்பினம். தேவையில்லையெண்டால் அழிச்சுவிடு,” என்றார் கதிரவேலு, தாள் வெட்டியபடியே.

அழிப்பதென்றால் பெயரை அடிக்கவேண்டும். பெண்சாதி பேர் சொன்னால் புருஷனின் ஆயுள் குறையும் என்று வளர்க்கப்பட்டவள் அவள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதில்லை. வாயால்தானே சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்து அழித்தாள்.

கறண்ட் போனது. மை மணமும் சூடான தகர மணமும் அறையில் தேங்கி நின்றன. மின்விசிறி முனகி முனகி ஓய, வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது வெகுநேரம் கேட்டது.

கறண்ட் திரும்பி வந்தது. கோப்பும் வந்தது.

துவாதசி.

ஒரு நாள் குறைந்திருந்தது. அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். இன்று ஏகாதசி. அபரபக்க ஏகாதசி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோப்பில் இருந்த ஆண்டும் மாதமும் இவைதான்; துவாதசி நாளைக்கு. அப்படியென்றால் இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறார். எங்கேயோ, ஏதோ ஓர் அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதமாகக் காத்திருந்த செய்தி அதுதான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. ஒருமுறை அடித்ததற்கே ஒரு நாள் போய்விட்டது; இனி அந்தப் பெயரை அடிக்கமாட்டாள். செத்தாலும் அடிக்கமாட்டாள்.

மறுபடி கறண்ட் போனது.

“சனியன் பிடிச்ச கறண்ட்,” என்றார் கதிரவேலு.

வரக்கூடாது. இன்றைக்கு இனி வரக்கூடாது. மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் பித்தளைக் கால்கள் தோலில் பதிந்தன.

மேலே மின்விசிறி மெல்ல அசைந்தது.

“வந்திட்டுது பிள்ளை!”

பிளக் அவள் கையில் இருந்தது. மேசைக்கு மேலே கொம்பியூற்றரின் தட்டு கறகறவென்று சுழலும் சத்தம். அவள் தலையைத் தூக்கினாள். திரையில் பச்சை வெளிச்சம்.

‘அமை’ என்று இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

பிறகு, அவள் அடித்த அதே வேகத்தில், ஒவ்வொரு எழுத்தாக.

ப.

ர.

ம.