பின்சந்தில் ஆடாதோடை

காற்றே நுழையாத சந்தில் செடி அசைந்துகொண்டிருந்தது.

புவனேஸ்வரி சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். வீட்டின் பின்சுவருக்கும் தொழிற்சாலையின் உயர்ந்த மதிலுக்கும் நடுவே, ஒருவர் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி. சித்திரை வெயில்கூட அங்கே எட்டிப் பார்க்காது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூரையால் ஐப்பசி மழையும் விழாது. சிமெண்டுத் தூளும் செங்கல் துண்டும் கலந்த மண். அவள் வைத்த கறிவேப்பிலை அங்கே பட்டுப்போனது, செம்பருத்தி காய்ந்தது. இந்த ஆடாதோடை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆடியில் நட்ட குச்சி, கார்த்திகைக்குள் ஜன்னலை மறைத்து நின்றது.

காற்றில் அசையும் செடியில் ஓர் இலை ஒருபக்கம் போனால் இன்னொன்று மறுபக்கம் போகும். இதில் எல்லா இலைகளும் ஒன்றாக மேலே எழுந்தன. ஒன்றாகத் தாழ்ந்தன.

மில் ஓடுகிற அதிர்வாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு உருட்டும் சத்தம் இரவும் பகலும் ஓயாது, அலமாரியில் தட்டுகள்கூட மெல்ல உரசிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் மனது கேட்கவில்லை. அன்று காலையிலேயே வீட்டுச் சொந்தக்காரர் ஆதிகேசவனிடம் சொல்லியிருந்தாள்.

"செடிக்குள்ள இன்னாவோ அசையுது நைனா."

"பாம்பா இருக்கப்போவுதும்மா. புள்ள இருக்கிற ஊடு. சாயங்காலம் வந்து பாக்கறேன், நீ அந்தாண்ட போவாத."

நல்ல மனிதர். சந்துக்குப் போகும் வழி அவர் வீட்டுப் பக்கத்துக் கம்பிக் கதவு ஒன்றுதான், சாவியும் அவரிடம்தான். இருந்தும் செடி வைக்கக் கேட்டபோது ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

செடி வைத்ததே மகள் பூமிகாவுக்காக. ஆரம்பாக்கத்தில் ஓடியாடித் திரிந்த பிள்ளை, அப்பாவுக்கு இங்கே மில்லில் வேலை கிடைத்துக் குடிவந்த பிறகு இழுப்பில் விழுந்தாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பாள். உள்ளே இழுக்கும்போது இரண்டு விசில், கடைசியில் ஒரு சின்ன விக்கல். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது இல்லாத நேரத்திலும் புவனேஸ்வரியின் காதில் அது இருந்தது.

பக்கத்துப் போர்ஷன் மெர்சிதான் அந்தக் குச்சியைக் கொண்டுவந்தவள்.

"ஆடாதோடை வைக்கா. இருமலு, இழுப்பு எல்லாத்துக்கும் இதான். நெழலு, காஞ்ச மண்ணு எதுக்கும் பேஜாரு பண்ணாது."

"குடிக்கவே தண்ணி பத்தல மெர்சி. லாரி என்னிக்கு வருதுன்னே தெரியல."

"வேர் புடிக்கிற வரைக்கும் கொஞ்சம் ஊத்து. அப்பறம் அதுவே பொழச்சிக்கினு போவும். ஓரமா, இருக்கிற எடம் தெரியாம. உன்ன மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மக்கிய சாணத்தைக் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி குச்சியைச் சாய்த்து நட்டார்கள். ஈரம் காயாமலிருக்க மேலே சருகைப் பரப்பினார்கள். நன்றாக வேரூன்றும் வரை ஓர் இலையும் பறிக்கக் கூடாது என்று மெர்சி சொல்லியிருந்தாள். புவனேஸ்வரி இன்றுவரை பறிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவள் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவந்த தண்ணீரைப் பிள்ளையின் தலையைச் சுற்றி எடுப்பாள். பெரியபாளையத்தம்மா, இவ நெஞ்சுல இருக்கிறது இதுல இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். சுற்றிய தண்ணீரை முச்சந்தியில் கொட்டவேண்டும். ஆனால் முச்சந்தியில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கைக்குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். தன் பிள்ளையின் பீடை இன்னொருத்தி பிள்ளையின் காலில் ஒட்டுவதா? அவளுக்கு மனம் வரவில்லை. யாரும் மிதிக்காத இடம் அந்தச் சந்து ஒன்றுதான். ஜன்னல் வழியாகச் செடியின் தூரில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீரும் வீணாகவில்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை. தெய்வம் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாது என்று நம்பினாள்.

இழுப்பு குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. பூமிகா இரவில் அசையாமல் தூங்கினாள். புவனேஸ்வரி அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாகச் சில. சூடான பாலை நீட்டினால், "நீயே ஊதிக் குடும்மா" என்றாள் பிள்ளை. மெர்சியின் மகன் பிறந்தநாளில் மெழுகுவத்தியை ஊதச் சொன்னார்கள். கன்னத்தை உப்பி, வாயைக் குவித்து ஊதினாள். சுடர் நேராக நின்றது. மறுபடியும் ஊதினாள். சுடர் நேராகவே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். பூமிகாவும் சிரித்தாள்.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். கணவனுக்குச் செகண்ட் ஷிப்ட். கூடத்தில் பூமிகா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். புவனேஸ்வரி குத்துவிளக்கை ஏற்றித் தீக்குச்சியை அணைத்தபோது மின்சாரம் போயிற்று.

தெரு இருண்டது. மதிலுக்கு அப்பால், ஒருநாளும் ஓயாத அந்த உறுமல் மெல்ல மெல்லத் தணிந்து, கடைசியாக ஓர் இரும்புச் சத்தத்தோடு அடங்கியது. அலமாரித் தட்டுகள் சும்மா இருந்தன. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை.

அந்த அமைதிக்குள் கேட்டது.

இரண்டு விசில். ஒரு சின்ன விக்கல்.

"பூமி!" என்று கூடத்துக்கு ஓடினாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் தவிப்பில்லை. நிதானமாகப் பச்சைப் பென்சிலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை. அது பின்னாலிருந்து வந்தது.

புவனேஸ்வரி குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போனாள். இலைகள் எழுந்தன. விசில். விக்கல். இலைகள் தாழ்ந்தன. கம்பிக்கு இந்தப் பக்கம் வெதுவெதுப்பாக ஏதோ அவள் முகத்தில் பட்டது. இலையின் கசப்பு மணம். அதற்குள்ளே, பால் குடித்த குழந்தையின் வாய் மணம்.

திரும்பி வந்து, விளக்கைப் பிள்ளையின் மூக்கருகே பிடித்தாள்.

சுடர் அசையவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே துடிப்பு இருந்தது. நெஞ்சு எழவில்லை. தாழவில்லை.

"இன்னாம்மா?" என்றாள் பூமிகா. பின்னால் இலைகள் தாழ்கிற நேரத்தில்தான் அந்த வார்த்தை வந்தது.

சந்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

"புவனா, நான்தாம்மா. ஜன்னலைச் சாத்திக்கோ. பாம்பு கீம்பு இருந்தா உள்ள வந்துடும். செடிய வெட்டிட்டா இடம் வெளிச்சமாயிடும், புள்ள பயமில்லாம இருக்கும்."

"நைனா, வேணாம்!"

அதே நேரம் மின்சாரம் வந்தது. மில் உறுமி எழுந்தது. தட்டுகள் கலகலத்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அரிவாள் இறங்கியது.

பூமிகாவின் கையிலிருந்து பென்சில் உருண்டது. வாய் திறந்தது. அழுகையில்லை, இருமலில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

புவனேஸ்வரி கம்பியை உலுக்கினாள். கத்தினாள். கையை நீட்டி அவர் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை. ஆதிகேசவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பயப்படாதே என்பதுபோல் கையை ஆட்டினார். மறுபடியும் குனிந்தார். ஒரு கிளை. இன்னொரு கிளை. தூரோடு.

முடித்துவிட்டு நிமிர்ந்து, வெட்டிய குவியலிலிருந்து ஒரு கிளைநுனியை ஒடித்தார். கம்பி வழியாக அவளிடம் நீட்டினார். வாயைக் காதருகே கொண்டுவந்து உரக்கச் சொன்னார்.

"மருந்துக்கு ஆவும். புள்ளைக்குக் கஷாயம் வெச்சிக் குடு."

மீதியைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் எரிகிற குப்பையை நோக்கிப் போனார்.

அந்தக் கிளைநுனியில் நாலு இலை இருந்தன. புவனேஸ்வரி ஒரு டம்ளர் தண்ணீரில் அதை நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் திறந்து, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு இலையும் எழுந்தன. தாழ்ந்தன. எழுந்தன.

ஒன்று காம்போடு கழன்று தண்ணீரில் விழுந்தது.

மூன்று இலைகள் எழுந்தன. முன்பைவிட வேகமாக.