ஐயாவுக்கு வந்த விக்கல்

அந்த ஊரில் தலைவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. போன வாரம் தலைவரின் சிலை மூக்கில் ஒரு காக்கை உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்த செருப்புத் தைக்கும் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அதனால்தான் திரையரங்கு வாசலில் ஓர் அதிகாரி வந்து நின்றதும் சிறுமி மிளகு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அவளுடைய அப்பாதான் அங்கே படம் ஓட்டுகிறவர்.

"என்ன படம்?" என்றார் அதிகாரி.

"பழைய சிரிப்புப் படங்க. ஒரு அசட்டு ராஜாவோட கதை."

"ராஜாவுக்கு மீசை உண்டா?"

"உண்டுங்க..."

அது அச்சு அசல் தலைவரின் மீசை! வாசலில் இருந்த சுவரொட்டியே காட்டிக்கொடுத்தது.

"படம் ஓடட்டும். எவன் சிரிக்கிறான்னு பார்க்கிறேன். சிரிச்சவன் எல்லாம் வண்டியில ஏறணும். படம் காட்டின நீயும்தான்!"

அரங்கு இருண்டது. அதிகாரியின் டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு முகமாக ஊர்ந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மிளகு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ராஜா கத்திப் பேசினார். கத்திய வேகத்தில் பல்செட் பறந்து போய்த் தளபதியின் தேநீருக்குள் விழுந்தது. ராஜா விடவில்லை. பொக்கை வாயோடு வீரர்களைப் போருக்கு அழைத்து முழங்கினார்: "வீயய்கயே! போயுக்குப் புயப்படுங்கய்!"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார். ஓர் அம்மா குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

அப்போது, "புஹ்!" என்று ஒரு சத்தம்.

சிரித்தது அதிகாரி!

அத்தனை தலைகளும் திரும்பின. அவர் முகம் வெளுத்தது. கை அவசரமாக ஊதலைத் தேடியது. ஊதினால் வாசலில் நிற்கும் காவலர்கள் பாய்ந்து வருவார்கள்.

'ஐயோ, இவருக்கும் நம்மள மாதிரியே பயம்! தான் சிரிச்சதை மறைக்க எல்லாரையும் உள்ள தள்ளிடுவார்!' என்று மிளகுக்குப் புரிந்தது.

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயாவுக்கு விக்கல்! பாவம், தண்ணி குடிங்க ஐயா!"

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். மிளகு குவளையை இன்னும் கிட்டே நீட்டினாள். அவர் மெதுவாக ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஆமா... விக்கல்தான்," என்றார்.

"எனக்கும் விக்கல்!" என்றார் துண்டுக்காரர். "புஹ்!"

"எனக்குந்தான்!" என்றாள் குழந்தையின் அம்மா.

அப்புறம் கேட்க வேண்டுமா? படம் முடியும்வரை அரங்கு முழுக்க ஒரே விக்கல்!

வாசலில் காவலர்கள் விறைப்பாக நின்றார்கள். "யாராவது சிரிச்சாங்களா ஐயா?"

"ஒருத்தரும் இல்லை. வண்டியை எடுங்க," என்று சொல்லிவிட்டு அதிகாரி தெருமுனைப் பக்கம் தனியே நடந்தார்.

அப்பா ஓடிவந்து மிளகைக் கட்டிக்கொண்டார். "பயமா இல்லையாடா கண்ணு?"

"ரொம்பப் பயம்ப்பா."

அந்த நேரம் தெருமுனையில் யாரோ தனியாக, அடக்க மாட்டாமல், விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.