நாற்பத்தோராவது இணைப்பு

தையல்காரர் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் ஒரு காலண்டர் இருந்தது. சுவரிலிருந்து அவசரமாகப் பிடுங்கியிருக்க வேண்டும், அதன் தலையில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேசைமேல் அதை விரித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினார்.

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. நாலு வருஷமா ஒண்ணுதாம்மா, தேடினா முதல்ல வரும். மூணு மாசமாத்தான் சரிவு. இங்க பாருங்க, ரெண்டு. அப்புறம் அஞ்சு. பதினொண்ணு. போன வாரம் முப்பத்தெட்டு. இன்னிக்குக் காலையில நானும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், காணோம். பையன் தொலைஞ்சது பத்தாதுன்னு, அவனைத் தேடுற பக்கத்தையும் தொலைச்சுட்டாங்க."

தேடலில் மூழ்கிப்போன இணையதளங்களைத் தூக்கிவிடுவதுதான் அண்ணியின் தொழில். அடகுக் கடை, பல் மருத்துவர், பூட்டுக் கடை என்று எத்தனையோ பேர் 'என் பக்கத்தை எவனோ கவுத்துட்டான்' என்று அந்த மாடியறைக்கு வந்திருக்கிறார்கள். ஊரே அவரை அண்ணி என்று கூப்பிடுவதற்குக் காரணம் கொழுந்தனார்தான். வேலை பார்த்த கூரியர் ஆபீஸ் இழுத்து மூடப்பட்ட நாளிலிருந்து அவர் தானாகவே உதவியாளர் பதவி ஏற்றுக்கொண்டு, நாளெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று அலறிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்திரண்டு. வந்தவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

"மெதுவாச் சொல்லுங்க ஐயா," என்றார் அண்ணி.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒன்றுமில்லாத ஒரு வாக்குவாதத்தில் மகன் வீட்டைவிட்டுப் போனான். வயது இருபத்திநாலு. போலீஸ், பத்திரிகை எல்லாம் அலைந்து ஓய்ந்த பிறகு, மருமகன் இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார். மகனின் பெயர், படம், தையல்காரரின் போன் நம்பர், தகவல் எழுத ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதை யாரும் சீந்தவில்லை. அப்புறம்தான் லிங்க்காரன் வந்தான். இணைப்பு வாங்கித் தருவதே அவன் பிழைப்பு.

"அவன்தான் வெவரம் சொன்னான். இன்னொருத்தர் பக்கத்துல நமக்கு ஒரு இணைப்பு இருந்தா, அவர் விரலை நீட்டி 'அதோ அங்க போய்ப் பாருங்க'ன்னு சொல்ற மாதிரியாம். நல்ல இடத்துலேருந்து நாலு விரல் நீண்டா தேடுபொறி நம்ம பக்கத்தை மேல தூக்கிடுமாம். ஆஸ்பத்திரி, நூலகம், அனாதை விடுதின்னு நாற்பது இடத்துல கெஞ்சிக் கூத்தாடி வாங்கினோம். ஒவ்வொண்ணு கிடைச்சதும் என் வீட்டுக்காரி நோட்டுல எழுதி வைப்பா. எனக்குத் தையலை விட்டா ஒண்ணும் தெரியாது. பெட்டியில வர்ற தகவலைப் படிக்கிறதும் அவதான்."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமா?"

அவர் தயங்கினார். "மருமகனுக்குப் பிடிக்கல. 'குடும்ப மானத்தை எத்தனை வருஷம் கொடியில காயப்போடுவீங்க'ன்னு கேட்டாரு. லிங்க்காரனும் கோவத்துல இருக்கான். குப்பைப் பக்கத்துலேருந்து ஆயிரம் இணைப்பு மொத்தமா வாங்கலாம்னான். என் பையன் பேரை அங்கெல்லாம் போடாதேன்னு விரட்டிட்டேன்."

"மருமகன்தான்!" என்று கொழுந்தனார் மேசையைத் தட்டினார். அண்ணி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று அர்த்தம்.

மறுநாள் தையல்காரர் வீட்டுக்குப் போனார்கள். வாசல் அறையே கடை. இரண்டு தையல் மெஷின், வெட்டுப் பலகை, தரையெல்லாம் சீருடைத் துணியின் நீலத் துணுக்கு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் தைத்ததைச் சீருடைக் கம்பெனிக்குக் கொண்டுபோவதைத் தவிர தையல்காரர் அந்த அறையைவிட்டு எங்கும் போவதில்லை. மனைவி டீ வைத்துவிட்டு, ஒரு சீருடையை மடியில் போட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒற்றைச் சொல்லில்.

மூலையில் கம்பியில் ஏழு சட்டைகள் தொங்கின.

"அவன் பிறந்த நாளுக்கு வருஷம் ஒண்ணு," என்றார் தையல்காரர். "ஏழாவது போன மாசம் தச்சது. இப்ப கொஞ்சம் உடம்பு போட்டிருப்பான்ல, அதான் இடுப்புல ஒரு விரல் கூட விட்டிருக்கேன்."

கொழுந்தனார் துணியைத் தடவிப் பார்த்து, நல்ல பருத்தி என்று தலையாட்டினார். அண்ணி ஏழாவது சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல பட்டன் இல்லையே?"

"காஜாவும் பட்டனும் அவ வேலை. கண்ணு சரியில்லைங்கிறா. பாப்போம்."

மனைவி தலை நிமிரவில்லை. அவர் கையிலிருந்த ஊசி மட்டும் ஒரு காஜாவை முடித்துவிட்டு அடுத்ததற்கு வேகமாகப் போனது. அண்ணி நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைக்குள் கொழுந்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. லிங்க்காரனையும் மருமகனையும் தையல் கடைக்கே வரவழைத்து, எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து உண்மையைப் போட்டு உடைப்பது என்று திட்டம். யார் எங்கே உட்காருவது என்றுகூடப் படம் போட்டு வைத்திருந்தார்.

"கூட்டம் வேண்டாம் தம்பி," என்றார் அண்ணி. "இது கூட்டம் கூட்டிச் சொல்ற விஷயம் இல்ல."

"அப்ப கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உட்காருங்க. ஒரு பக்கத்தைக் கவுக்கணும்னா எதிரி என்ன பண்ணுவான்?"

"குப்பை இணைப்பை லாரி லாரியாக் கொட்டுவான். தேடுபொறி மோசடின்னு நினைச்சுத் தள்ளிடும். அந்தப் பூட்டுக்கடைக்காரருக்கு நடந்த மாதிரி."

"இங்க ஒரு குப்பைகூட விழல. இருந்த நல்ல இணைப்பெல்லாம் ஒவ்வொண்ணா எடுக்கப்பட்டிருக்கு. ஏன் எடுத்தீங்கன்னு அந்தப் பக்கக்காரங்க ஆறு பேருக்கு நான் போன் பண்ணேன். ஆறு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. பையனோட பக்கத்து முகவரியிலேருந்தே மெயில் வந்துச்சாம், ரொம்ப மரியாதையா. 'இத்தனை நாள் உதவியதற்கு நன்றி. இனி தேவைப்படாது, எடுத்துவிடுங்கள்.' எதிரி யாராவது நன்றி சொல்வானா தம்பி?"

கொழுந்தனார் விரல் விட்டு எண்ணினார். "பாஸ்வேர்டு மூணு பேருக்குத் தெரியும். மருமகன், லிங்க்காரன்..."

"மெயில் எல்லாம் செவ்வாய் வெள்ளி, காலை பத்தரை வாக்குல போயிருக்கு. மருமகனுக்குக் காலை ஷிப்ட். அவர் வேலை பாக்கிற தொழிற்சாலையில வாசல்லயே செல்போனை வாங்கி வச்சுக்குவாங்க, விசாரிச்சாச்சு. ரெண்டு மணி வரைக்கும் வெளியிலயும் விடமாட்டாங்க."

"அப்ப லிங்க்காரன்!"

"நாற்பது இணைப்பு போச்சு. ஒண்ணு மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. லாரி டிரைவர்கள் தங்குற ஒரு விடுதியோட பக்கம். லிங்க்காரன் தானா வாங்கிப் போட்டது, சண்டையில இவங்ககிட்டச் சொல்ல மறந்துட்டான். அவன் பட்டியல்ல நாற்பத்தொண்ணு இருக்கு, நோட்டுல நாற்பதுதான். எடுத்தது அவனா இருந்தா அதையும் எடுத்திருப்பான். எடுத்தவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. மெயில் போன வரிசையும் நோட்டுல இருக்கிற அதே வரிசை."

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துச் சோதித்தார்கள்.

"அந்தம்மாவா?" என்றார் கொழுந்தனார். குரல் தானாகவே இறங்கிவிட்டது. "பெத்த தாய் எதுக்கு அண்ணி..."

"தகவல் பெட்டியில ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. அறுபத்திமூணு, அறுபத்திநாலு, அடுத்து அறுபத்தாறு. அறுபத்தஞ்சை யாரோ அழிச்சிருக்காங்க. அது வந்து ஒரு வாரத்துல முதல் மெயில் போயிருக்கு. 'இனி தேவைப்படாது.' ஏழாவது சட்டைக்குப் பட்டன் வைக்க முடியல. சீருடைக்குக் காஜா எடுக்கிற கண்ணு அந்தச் சட்டைக்கு மட்டும் தெரியாமப் போகுமா?"

யார் எங்கே உட்காருவது என்று போட்ட படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார் கொழுந்தனார். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் ஊகம் தப்பாக இருக்கவேண்டும் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் போனார்கள். தையல்காரர் மூட்டையோடு கிளம்பிப் போயிருந்தார். அந்தம்மாள் வெட்டுப் பலகையில் கணினியைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி படம் எடுத்தபோது இல்லாத கோடு நோட்டின் எல்லா வரிக்கும் விழுந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் கணினியை மூடக்கூட முயலவில்லை.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

"தெரிஞ்சுதும்மா," என்று அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனையோ பொய்த் தகவல் வந்திருக்கு. இதையும் அப்படித்தான்னு நினைச்சேன். ஆனா புருவத்துல கத்தரி பட்ட தழும்புன்னு எழுதியிருந்துச்சு. படத்துல அது தெரியாது, முடி மறைச்சிருக்கும். ரெண்டு வரிக்கு மேல என்னால படிக்க முடியல. அழிச்சிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இன்னொருத்தர் எழுதினா என்ன பண்றது? போன் வந்தா இவருதானே எடுப்பாரு? பக்கத்தையே அழிச்சிட்டா இவருக்குத் தெரிஞ்சிடும். அதான் இறக்கினேன். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு பத்தாகி, கொஞ்சம் கொஞ்சமா மனசு விட்டுப்போகும், ஒரேயடியா அறையாதுன்னு நினைச்சேன். இவரு காலையில எந்திரிக்கிறதே அந்தக் காலண்டர்ல எழுதத்தாம்மா."

"மனசு விடலையேம்மா. காலண்டரைப் பிடுங்கிக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறாரு. விட்டா இன்னும் பத்துப் பேர்கிட்டப் போவாரு."

"அப்ப யாரும் பண்ணல, தானா இறங்கிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

அண்ணி பதில் சொல்வதற்குள் வாசலில் மூட்டை விழுந்தது. தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்கு விடுமுறை என்று பாதியிலேயே திரும்பி வந்தவர் எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. கோடு போட்ட நோட்டைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப?" என்றார்.

"போன மழைக்காலத்துல," என்றார் மனைவி. "காய்ச்சலாம்."

தையல்காரர் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்தவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி," என்றார். "மூணு மாசம் தனியா அழுதிருக்கியே." அப்போதுதான் அந்தம்மாள் வாய்விட்டு அழுதார்.

பிறகு தையல்காரர் அண்ணியிடம் கேட்டார். "கடைசில அவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"தளத்தோட பழைய நகல்ல அந்தத் தகவல் பத்திரமா இருக்குங்க ஐயா. முதல் வரியைப் பாத்துட்டு மூடிட்டேன். அது உங்களுக்கு வந்தது."

"படிங்க. ரெண்டு பேரும் கேக்கறோம்."

அண்ணி கணினியைக் கொழுந்தனார் பக்கம் திருப்பினார். நிறுத்தாமல் பேசும் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

"'உங்கள் மகன் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். புருவத்தில் கத்தரித் தழும்பு உள்ளவர், மூன்று வருடம் என் அறையில் இருந்தார். எழுத இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் நான் கூடவே இருந்தேன், தனியாக விடவில்லை. உங்கள் பக்கம் அவருக்குத் தெரியும். என் போனை வாங்கித் தன் பெயரைத் தானே போட்டுப் பார்ப்பார். முதலாவதாக வரும். பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். ஊருக்குப் போகலாமே என்றால், அடுத்த வாரம் என்பார். எப்போது கேட்டாலும் அடுத்த வாரம்தான்.'"

"பாத்திருக்கான்," என்றார் தையல்காரர். முகம் சிரிப்பதுபோல் கோணி அப்படியே உடைந்தது. "அடுத்த வாரம்! தையல்காரன் மகன்ல, வேற என்ன சொல்வான்? துணி கேட்டு வர்றவங்ககிட்ட நான் சொல்றதைக் கேட்டே வளந்தவன்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

கொழுந்தனாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா," என்று தையல்காரர் அண்ணியைக் கூப்பிட்டார். "அந்தப் பக்கத்தை மறுபடி மேல கொண்டுவர முடியுமா?"

"இனி எதுக்குங்க ஐயா?" என்று கொழுந்தனார்தான் கேட்டார்.

"ஏழு வருஷம் தம்பி. மூணு வருஷம் இதை எழுதினவர்கூட இருந்தான். அதுக்கு முன்னால எங்க இருந்தான், என்ன வேலை பாத்தான், யார் சோறு போட்டாங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவனைத் தெரிஞ்சவங்க எங்கயாவது இருப்பாங்கல்ல. பேரைப் போட்டுப் பாத்தா நாங்க அங்க இருக்கணும்."

"முடியும்," என்றார் அண்ணி. "நாற்பது பேருக்கும் மறுபடி எழுதிக் கேக்கணும். அதுக்கு முன்னால பக்கத்துல என்ன போடறதுன்னு முடிவு பண்ணணும். பழைய வாசகம் இனி ஆகாது."

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். எழுத்து வேலை அவருடையது. அந்தம்மாள் கணினியைத் தன் பக்கம் இழுத்தார், திரும்பக் கொழுந்தனாரிடமே தள்ளிவிட்டார்.

"நான் சொல்றேன், நீங்க அடிங்க," என்றார். மூன்று மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எங்க மகன் செத்துப்போயிட்டான். அவன் எப்படி இருந்தான்னு தெரிஞ்சவங்க எங்களுக்கு எழுதுங்க."

கொழுந்தனார் அடித்தார். கீழே போன் நம்பரைப் போடும்போது தையல்காரர், "அவ நம்பரையும் சேத்துப் போடுங்க," என்றார்.