மூன்றாவது ஓலை

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அருள்பிரகாஷ் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ஆரணி ரைஸ் மில் தெருவில் இருந்த தன் வீட்டுப் பூட்டைத் திறந்தான். பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. சாவி இரண்டு தடவை மாட்டிக்கொண்டு, மூன்றாம் தடவைதான் திரும்பியது.

மனைவி செத்த வீட்டில் இருக்க மனசு வரவில்லை என்று சொல்லி, வேலை பார்க்கும் செய்யாரிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். அதைக் கேட்டுச் சபையில் எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்துக்கொள்ளாத ஒரே ஆள் மாமியார் ரோசம்மாள். இப்போது வீடு தேவைப்பட்டது. வருகிற புதன்கிழமை அவனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண் பிரிஸில்லா, அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. துக்கம் ஆற ஒரு துணை வேண்டுமே என்று போதகர் பவுல்துரையே முன்னின்று பேசி முடித்தார். மனிதர் நல்லவர், அவருக்கு என்ன தெரியும்?

உள்ளே புழுதி நெடி அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, நீலகிரித் தைலம். செத்துப்போன இவாஞ்சலினுக்கு வீசிங் உண்டு, நெஞ்சில் தைலம் தடவாமல் படுக்கமாட்டாள். பதினோரு மாதம் கழித்துமா ஒரு தைலம் மணக்கும்? சுவரில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தனக்குச் சௌகரியமாக நினைத்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

ஜன்னலோர மேசைமேல் அவளுடைய பிரிண்டர் துணி போர்த்தி இருந்தது. பட்டுச்சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, கட்டம் கட்டமாக அச்செடுத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். சனிக்கிழமையானால் சபையின் ஆராதனைத் தாளும் அதே மெஷினில்தான் அச்சாகும்.

ஒரு மணிக்குக் கேபிள்காரர் கமலக்கண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், வாய் ஓயாதவர். பழைய இன்டர்நெட் இணைப்பு இவாஞ்சலின் பெயரில் இருந்தது. அவளை அடக்கம் செய்த மறுவாரமே அருள்பிரகாஷ் அதைத் துண்டித்துவிட்டிருந்தான். புது ரவுட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, கமலக்கண்ணன் கேட்டார்.

"வைஃபைக்கு இன்னா பேரு சார் வெக்கட்டும்?"

"பிரிஸில்லா."

கமலக்கண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பெயரை அடித்தார். பிறகு தன் செல்போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பழைய லைனு இன்னும் ஓடிகினு கீது போல சார். இதோ பாருங்க, இவாஞ்சலின்னு ஃபுல் சிக்னல் காட்டுது."

"அத்த கட் பண்ணி ஒரு வருஷம் ஆவப்போவுதுங்க."

"பழைய பொட்டி எங்க கீது?"

அது பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் வயர் சுற்றிக் கிடந்தது. கமலக்கண்ணன் ஸ்டூல் போட்டு ஏறிக் கையை உள்ளே விட்டார். விட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாங்க?"

"சூடா கீது சார்."

மின்சாரமே இல்லாத பெட்டி எப்படிச் சூடாகும்? இன்னொரு வீட்டுக்கு ஜல்தியாகப் போக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, கருவிப் பையின் ஜிப்பைக்கூட மூடாமல் கமலக்கண்ணன் கிளம்பிவிட்டார். வெயிலுக்குப் பரண் சூடாகியிருக்கும் என்று அருள்பிரகாஷ் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மணிக்குப் போதகர் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கு ஆராதனைத் தாள் நூத்தி இருபது எடுத்துடுங்க. மூணாவது ஓலை வேற வாசிக்கணும். இவாஞ்சலின் போனதுலருந்து தாளே இல்லாம ஓட்டிகினு இருக்கோம். அஞ்சு மணிக்கு ரோசம்மா வந்து வாங்கிக்குவாங்க."

"சரிங்க ஐயா."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரை ஆலயத்தில் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதுதான் ஓலை. முதல் இரண்டு ஞாயிறும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய ஒருத்தி கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தாள். நாளை ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும், பிரிஸில்லா அவனுக்கு.

துணியை எடுத்துவிட்டுப் பிரிண்டரை உயிர்ப்பித்தான். அதன் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடச் சொன்னான். தேடி முடித்து ஒரே ஒரு பெயரைக் காட்டியது.

இவாஞ்சலின்.

நாலடி தூரத்தில் பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்த புது ரவுட்டர் அதன் கண்ணில் படவேயில்லை. சரி, பொத்தான் வழி இருக்கிறதே என்று ரவுட்டரில் ஒரு அமுக்கு, ஓடிவந்து பிரிண்டரில் ஒரு அமுக்கு. இரண்டு நிமிஷம் விளக்கு மினுக்கிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. மறுபடி அமுக்கினான். மறுபடி அதே பதில். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் உள்ளுக்குள் எதையோ இழுத்தது. தட்டில் காகிதமே இல்லை, ஆனாலும் இழுத்தது. நீளமாக ஒரு இழுவை, நடுவில் ஒரு தடங்கல், கடைசியில் மெல்லிய விசில்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

பேஜார் பிடித்த மெஷின் என்று வாய்விட்டுத் திட்டினான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. காகிதக் கட்டைப் பிரித்துத் தட்டில் வைத்து, கோளாறு என்னவென்று தெரிந்துகொள்ள நெட்வொர்க் அறிக்கையை அச்சிடச் சொன்னான். எல்லாப் பிரிண்டரிலும் அந்த வசதி உண்டு. எந்த வைஃபை, என்ன எண், என்ன பிழை என்று ஒரு பக்கம் வரும்.

ஒரு பக்கம் வந்தது. அது சாதாரணமாகத்தான் இருந்தது.

பிறகு இன்னொரு பக்கம் வந்தது.

அதில் ஒரு பட்டியல். கருவியின் பெயர், இணைந்த நேரம், விலகிய நேரம். வீட்டு வைஃபையில் எந்தப் போன் எப்போது சேர்ந்தது, எப்போது போனது என்பதெல்லாம் பிரிண்டருக்குத் தெரிய நியாயமே இல்லை. தேதி, போன வருஷம் ஜூன் பன்னிரண்டு. ஒரே ஒரு வரி.

அருள்பிரகாஷ் போன். இணைந்தது 3.55. விலகியது 4.30.

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அது எந்த நாற்காலி என்று உறைத்தது.

அன்றைக்கு ஓ.டி. பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். உண்மையில் மத்தியானமே செய்யாரில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். பிரிஸில்லா அனுப்பிய செய்திகளை இவாஞ்சலின் பார்த்துவிட்டிருந்தாள். சண்டை. கத்தியதில் அவளுக்கு வீசிங் வந்தது. பிரிண்டர் பக்கத்தில் இருந்த இன்ஹேலருக்கு அவள் கை நீட்டினாள். அவன் கை முந்திக்கொண்டது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைத் தாழிட்டு, இதே நாற்காலியில் உட்கார்ந்தான். அடிக்கவில்லை, கழுத்தைத் தொடவில்லை. காத்திருந்தான், அவ்வளவுதான். அவள் தரையோடு ஊர்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வராமல் மேலே பார்த்தாள். சத்தம் அடங்கியதும் இன்ஹேலரைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் செய்யாருக்குத் திரும்பி, ராத்திரி கம்பெனி பஸ்ஸில் நாலு பேரோடு வந்து இறங்கினான். அவனோடு வந்தவர்களே சாட்சி. வீட்டுக்குள் கால் வைத்ததும் பையிலிருந்த போன் தானாக வைஃபையில் சேர்ந்துகொள்ளும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவேயில்லை. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் இப்படி ஒரு இடத்தில் மாட்டுவான்.

காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுக் கொளுத்தினான். சாம்பலிலும் தைலம் மணத்தது.

கடைக்குப் போய் அச்செடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த மெஷினுக்குள் இந்த வரி இருக்கிறதே! ரோசம்மாள் ஐந்து மணிக்கு வருவாள். நாளைக்குப் பிரிஸில்லாவே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால்? அழித்தே ஆக வேண்டும். பிரிண்டரின் பின்பக்கப் பொத்தானை அமுக்கிப் பிடித்து, எல்லா நினைவையும் துடைக்கச் சொன்னான். துடைக்கட்டுமா என்று திரை ஒரு தடவை கேட்டது. ஆம் என்றான்.

நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது.

ஆம்.

வீடு முழுக்கச் சத்தம் நின்றுபோனது. தெருக்கோடி ரைஸ் மில் இரைச்சல்கூட நின்றது. அப்புறம் திரை விழித்துக்கொண்டது. பிரிஸில்லா என்ற பெயர் தெரிந்தது, அதைத் தொட்டதும் இணைந்தது. நூற்றி இருபது தாளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் கீர்த்தனை, ஜெபம், ஓலை. பின்பக்கம் வெள்ளை. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ரோசம்மாள் வந்தாள். வாசற்படி தாண்டவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு, மகளுடைய பிரிண்டரைத் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"வேல செய்தா அது?"

"செய்யுது அத்த."

"அவ கையாண்ட பொருளு," என்றாள் ரோசம்மாள். "பாத்து வெச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அருள்பிரகாஷ், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பிரிஸில்லா. வாசலில் நின்று ரோசம்மாள் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்திருந்தாள். கீர்த்தனை முடிந்தது, ஜெபம் முடிந்தது. போதகர் பவுல்துரை தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அருள்பிரகாஷுக்கும் பிரிஸில்லாவுக்கும் நடக்கவிருக்கும் விவாகத்தைக் குறித்து மூன்றாவது முறையாக அறிவிக்கிறேன். தடை ஏதாகிலும் அறிந்தவர்கள் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்."

வழக்கம்போலச் சபை மௌனமானது. அருள்பிரகாஷ் மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ண ஆரம்பித்தான்.

நாலு வரைக்கும் எண்ணினான்.

கையிலிருந்த தாள் சுட்டது. மெஷினிலிருந்து அந்த நிமிஷம் வெளியே வந்த தாளின் சூடு. பக்கத்திலிருந்தவர் ஸ்ஸ் என்று கையை உதறினார். பின்வரிசையில் யாரோ தாளைத் திருப்பினார்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் ஆலயம் முழுக்க ஒரே நேரத்தில் காகிதம் புரளும் சத்தம்.

நீளமாக ஒரு இழுவை, நடுவில் ஒரு தடங்கல், கடைசியில் மெல்லிய விசில்.

போதகர் தன் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில், இவாஞ்சலின் வைஃபை என்ற தலைப்பின்கீழ், அடுப்பில் எரிந்த அதே வரி தேதியோடு இருந்தது. ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருள்பிரகாஷைப் பார்த்தார்.

"தம்பி... ஜூன் பன்னண்டு. அது இவாஞ்சலின் செத்த நாளாச்சே."

பிரிஸில்லா எழுந்து நின்றாள்.

"அன்னிக்கி ராத்திரி வரைக்கும் நீ வூட்டுக்கே வரலன்னு எங்கிட்ட சத்தியம் பண்ண." கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "மூணு அம்பத்தஞ்சிலருந்து நாலு முப்பது வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்த?"

அவன் வாய் திறந்தான். சொல்ல எத்தனையோ பொய் தயாராக இருந்தது, ஒன்றுக்கும் மூச்சு வரவில்லை. இழுத்தான், நெஞ்சுக்குள் பாதிதான் போயிற்று. மறுபடி இழுத்தான். தொண்டையில் விசில் அடித்தது. அவன் வம்சத்திலேயே யாருக்கும் வீசிங் கிடையாது.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கையை நீட்டினான். மகளைப் புதைத்த ரோசம்மாள் நடுவழியில் நின்று, கைகட்டிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவர வேண்டியவர்கள் ஒருவரும் ஓடிவரவில்லை. காலைத் தரையில் யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டதுபோல அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அவன் கையில் இருந்த தாள் தரையில் விழுந்து திரும்பியது. மற்றவர்கள் தாளில் ஒரே வரி. அவன் தாளில் மட்டும் அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரி, மை இன்னும் ஈரமாக இருந்தது. இன்றைய தேதி போட்டிருந்தது.

அருள்பிரகாஷ். இணைந்தது 10.40. விலகியது 11.15.

தலையை மெல்லத் தூக்கி, பீடத்துக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்து நாற்பத்திரண்டு.