வட்டி வாங்க ஆளில்லை

எலியேசர் ப்ளுவாஸ் செத்துப் போயிருந்தார்.

மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. நாற்காலிக்குக் கீழே ஓர் இஸ்திரிப் பெட்டி... யாரோ அடகு வைத்தது. தலைக்கு மேல் மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற நர்சிசா அலறவில்லை.

இந்த மாத வட்டியை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இனிமேல் இதை யாரிடம் கட்டுவது?

அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். படியிறங்கி, கீழே ரேடியோ கடைக்காரரிடம் போலீஸுக்குப் போன் பண்ணச் சொன்னாள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் சிரிகுவாயா. அந்த மனிதருக்குச் சிரிப்பு பெயரில் மட்டும்தான்.

"இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வட்டிக்கு வாங்கியிருக்கேன் சார்."

"எதுக்கு?"

"பொண்ணை ஸ்பெயினுக்கு அனுப்பறதுக்கு."

அவர் மேலே கேட்கவில்லை. அந்த வருஷம் குவாயாகில் துறைமுக நகரத்தில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். தெருவுக்குப் பத்து வீட்டில் ஆள் ஸ்பெயினில் இருந்தது. யாரோ ஒரு கிழவிக்கு மலம் அள்ளிக்கொண்டோ, யாரோ ஒருவன் தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டோ.

எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டார். மார்க்கெட்டிலிருந்து என்றாள். உண்மைதான். பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. வீட்டை விட்டு எப்போது கிளம்பினாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"இவரைக் கொல்ற அளவுக்கு யாருக்குக் கோபம் இருக்கும்?"

நர்சிசா யோசித்தாள்.

"எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சா... வரிசை ஆத்தைத் தாண்டிப் போகும் சார்."

பொய்யில்லை.

போன வருஷம் மார்ச்சில் ஒரு திங்கள்கிழமை, பாங்குகள் திறக்கவில்லை. நாட்டின் பொருளாதாரத்தை மீட்க வேறு வழியில்லை என்று டிவியில் ஒருவர் டை கட்டிக்கொண்டு சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கதவு திறந்தது... பெட்டி திறக்கவில்லை. உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, ஒரு வருஷத்துக்கு முடக்கி வைத்திருக்கிறோம் என்றார்கள். வருஷம் முடிந்ததும் பணத்துக்குப் பதிலாகக் காகிதம் நீட்டினார்கள். அதற்குள் நாட்டின் சொந்தப் பணமான சுக்ரே நோட்டே செத்துப்போய், அதன் இடத்தில் டாலர் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் காகிதங்களை எலியேசர் பாதி விலைக்கு வாங்கினார். வீட்டில் நோயாளி இருந்தால் பாதிக்கும் கீழே. காகிதம்கூட இல்லாதவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்.

நர்சிசாவிடம் காகிதம் இல்லை. கணக்கு கணவன் பெயரில் இருந்தது.

இருபது வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் நின்றபடி இறால் உரித்தவள் அவள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், ஆற்றுக்கு அக்கரை டுரானில் அப்பா விட்டுப்போன மனையை விற்றதில் அவள் பங்கும்... எல்லாம் டாலராக மாறி அந்தக் கணக்கில்தான் போய் உட்கார்ந்தது. கணவன் வாஷிங்டன் அதே பாங்கின் பெரிய அதிகாரிக்கு டிரைவர். நம் ஆளே உள்ளே இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்தாள்.

பாங்க் மூடியதும் இருவரும் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு அதன் வாசலில் நின்றார்கள். வாஷிங்டன் இரும்புக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். சுற்றியிருந்தவர்கள் அவனைத்தான் தேற்றினார்கள்.

பிறகு பாங்கே மூழ்கியது. டிரைவர் வேலை போனது. குளத்து இறாலுக்கு நோய் வந்து அவள் கம்பெனியும் மூடியது. மகள் காட்யூஸ்கா நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டாள். விமான டிக்கெட்டுக்கு எலியேசரிடம் கடன் வாங்கலாம் என்று சொன்னது வாஷிங்டன்தான்.

காட்யூஸ்கா இப்போது ஸ்பெயினில், மூர்சியாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

நர்சிசா வீடு திரும்பியபோது வாஷிங்டன் காய்ச்சலோடு படுத்திருந்தான். ராத்திரியே ஆரம்பித்த காய்ச்சல். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை அவன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிவிட்டுத்தான் அவள் வெளியே கிளம்பியிருந்தாள். நிற்கக்கூட முடியாமல் இருந்தான்.

எலியேசர் செத்த விஷயத்தைச் சொன்னாள்.

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. யார் செய்தது என்று கேட்கவில்லை.

"அவரோட இரும்பு அலமாரி... திறந்திருந்துதா?"

"நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன்? ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

கொலைக்கு முதல் நாள் மாலை எலியேசரின் அறையில் வாஷிங்டன் போட்ட சத்தம் கீழே நாலு கடைக்குக் கேட்டிருந்தது. கொன்று போட்டுவிடுவேன் என்று கத்தியிருக்கிறான். எலியேசர் இறந்தது மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்தில் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜீப்பில் ஏறும்போது வாஷிங்டன் திரும்பினான்.

"நர்சிசா, நான் காலையில வீட்லதான் இருந்தேன்னு சொல்லு. உனக்குத்தான் தெரியுமே."

அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடிப்போய்ச் செருப்பை மாட்டினாள். ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

கதவைத் திறந்தாள்.

வாசலில் கறுப்பு உடையில் ஒரு பெண்மணி நின்றாள்.

எலியேசரின் மனைவி ஒலிண்டா.

ஒலிண்டா உள்ளே வந்தாள். தகரக் கூரையைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் இருந்து விற்றுப்போன இடத்தில் சுவரில் தெரிந்த சதுரத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தாள்.

"பார்ட்னரோட பொண்டாட்டி இப்படியா இருப்பா?"

"யாருக்குப் பார்ட்னர்?"

ஒலிண்டா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"அப்போ நிஜமாவே உனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"உன் பணம் முடங்கவே இல்லம்மா."

நர்சிசா கதவைச் சாத்தினாள்.

ஒலிண்டா நிதானமாகச் சொன்னாள். பாங்க் மூடுவதற்கு முந்தின வாரம் அந்தப் பெரிய அதிகாரி காரில் போகும்போது யாரிடமோ போனில் பேசியிருக்கிறார். திங்கள்கிழமை கதவு திறக்காது, நம்முடையதை எடுத்துவிடு என்று. முன்சீட்டில் டிரைவர் ஒருத்தன் இருப்பதை அவர் மறந்துவிட்டார். டிரைவர் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமையே மொத்த டாலரையும் எடுத்துக்கொண்டு நேரே எலியேசரிடம் வந்தான். ஊரே பணமில்லாமல் தவிக்கப் போகிறது, கையில் டாலர் இருக்கிறவன்தான் ராஜா என்று இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"பேரே வாஷிங்டன். டாலர் நோட்டுல இருக்கிற பேரு. விட்டுடுவானா?"

நர்சிசா மெல்லக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட... நான் வாங்கின கடன்?"

"அதுவும் உன் பணம்தான்."

"வட்டி?"

"நீ மாசாமாசம் படியேறி வந்து கட்டுறியே... அதுல பாதி அன்னிக்குச் சாயங்காலமே உன் புருஷன் வந்து வாங்கிட்டுப் போயிடுவான்."

நர்சிசா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரும்புக் கதவில் முட்டி அழுத நெற்றி நினைவுக்கு வந்தது. நேற்று ஈரத்துணி போட்ட அதே நெற்றி. விமான நிலையத்தில் காட்யூஸ்கா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கோங்க அப்பா என்று விம்மியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் அவன் அழுதான்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"இதை ஏன் இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"உன் பங்கு எங்கிட்ட இருக்கு. அலமாரியைக் காலி பண்ணி வெச்சிருக்கேன். உன் புருஷன் முந்தாநாள் வந்து சத்தம் போட்டதே அந்தப் பங்குக்காகத்தான். முழுசா எடுத்துக் கொடுன்னு கேட்டான். அவன் வெளியே வந்தா அது அவனுக்கு. உள்ளேயே இருந்தா... முழுசும் உனக்கு."

"அவர் உள்ளே இருந்தா உங்களுக்கு என்ன?"

ஒலிண்டா ஜன்னலைப் பார்த்தாள்.

நர்சிசா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதானா?"

"என் தங்கச்சி முந்தாநாள் செத்துட்டா. ஆஸ்பத்திரியில மருந்து வெளியே வாங்கிட்டு வான்னாங்க. அவ காகிதத்தை எடுத்துக்கிட்டு எலியேசர்கிட்டதான் போனா. சொந்தக் கொழுந்தியா. பாதி விலைகூடக் கொடுக்கல. நேத்து காலையில சவ அடக்கத்துக்குக் கொஞ்சம் பணம் கேட்கப் போனேன். கொடுத்தார்."

"கொடுத்தாரா?"

"என்ன வட்டின்னும் சொன்னார்."

ஒலிண்டா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கைக்கு எட்டினது அந்த இஸ்திரிப் பெட்டிதான்" என்றாள் ஒலிண்டா.

அவள் போன பிறகும் நர்சிசா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு மாட்டியபடியே இருந்தது. ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான்.

நடக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டேஷனே அவளைத் தேடி வந்தது.

சிரிகுவாயா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். உங்கள் கணவர் காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், நீங்கள் பக்கத்திலேயே இருந்ததாகவும் சொல்கிறார் என்றார். நீங்கள் ஆமாம் என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன் என்றார். இல்லையென்றால் கேஸ் முடிய ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை ஜெயில்தான் என்றும் சொன்னார்.

ஒரு வருஷம்.

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் இடித்தது.

"காலையில அவர் வீட்ல இருந்தாரா அம்மா?"

நர்சிசாவின் வாயில் 'ஆமாம்' வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவனுக்காக எந்தக் கேள்விக்கும் முதலில் வருவது அதுதான். அதை விழுங்கினாள்.

"நான் விடியறதுக்கு முன்னாடியே மார்க்கெட்டுக்குப் போயிட்டேன் சார். திரும்பி வரும்போது படுத்திருந்தார். நடுவுல எங்கே போனார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி நர்சிசா அழுதாள். மறுநாளும் அழுதாள். மூன்றாம் நாள் ஒலிண்டாவின் ஆள் ஒரு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அரிசிக்கு நடுவே டாலர் இருந்தது.

மூர்சியாவுக்குப் போன் பண்ணி, பாங்கில் முடங்கிய பணம் வந்துவிட்டது என்றாள்.

காட்யூஸ்கா முதலில் நம்பவில்லை. அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிட்டதா, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள், டிக்கெட் அனுப்புகிறேன், வந்து படிப்பை முடி என்று நர்சிசா சொன்னாள். எதிர்முனையில் மகள் விசும்பும் சத்தம் கேட்டது. அப்பாவிடம் கொடு என்றாள் மகள்.

"அப்பா வெளியூர் போயிருக்கார்மா. வர நாளாகும்."

சனிக்கிழமை ஜெயிலில் பார்வையாளர் நாள். தூக்குப் பாத்திரங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நர்சிசா கைப்பையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஒலிண்டா பேசியதை அவள் சொன்னதும் கம்பியைப் பிடித்த கை நழுவியது. பிறகு மடமடவென்று பேசினான். எல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்றான். இரண்டு மடங்காக்கி ஒரேயடியாக உன் கையில் கொடுக்கலாம் என்றிருந்தேன் என்றான். அதுவரை உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன் என்றான்.

டிவியில் பேசிய டை கட்டிய ஆளின் குரல் மாதிரியே இருந்தது.

"பாங்க் வாசல்ல அழுதியே... அது எதுக்கு?" என்றாள் நர்சிசா. கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமையில் பேசியதில்லை. அது வாயிலிருந்து வந்ததை அவளே கவனிக்கவில்லை.

வாஷிங்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாரும் அழுதாங்க."

அவள் புறப்பட்டாள். அவன் பதறிப்போய்க் கம்பியில் முகத்தை வைத்து அழுத்தினான்.

"நர்சிசா, போகாதே... நான் கொலை பண்ணல. உனக்குத் தெரியும்ல? நான் வீட்லதான் இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ அதைச் சொல்லேன்!"

"சொல்றேன். என் சாட்சி எங்கேயும் ஓடிப் போயிடாது. எங்கிட்ட ரொம்பப் பத்திரமா இருக்கு. ஒரு வருஷத்துக்கு முடக்கி வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி... இது அநியாயம்டீ."

நர்சிசா கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"அநியாயம்னு சொல்லாதே வாஷிங்டன். பொருளாதார மீட்பு நடவடிக்கைன்னு சொல்லு."