கழுத்தையே பார்த்தவன்

அந்த ஆள் அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்...

ஹட்டனில் விடாத மழை. ஆஸ்பத்திரிக்கு எதிரே, தேத்தண்ணிக் கடையில் மப்ளரைத் தளர்த்திக்கொண்டு குடித்த ஹம்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோர்வூட்டில் அம்மாவின் புடவைக் கடையில் வெறித்துப் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் இப்படியா...

“என்னா பாக்குறீங்க? கழுத்தப் பாத்ததே இல்லையா?”

“மன்னிச்சுக்கங்க... நீங்க முழுங்குறப்ப அங்க ஒன்னு ஏறி எறங்குது. எனக்கும் இருக்குங்க. பாருங்க.”

மடக் மடக்கென்று குடித்துக் காட்டினான். அவன் கழுத்திலும் ஒரு உருண்டை மேலே போய்க் கீழே வந்தது. சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வேறு. பெரிய, அப்பாவிக் கண்கள்... ஹம்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெயர் வினோஜன். நல்லதண்ணி என்ற ஊரில் கம்பளிக் குல்லாக் கடை. தைராய்டில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து யாரைக் கண்டாலும் பார்வை கழுத்துக்குத்தான் போகிறதாம்.

“ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாங்க. புத்துநோய் இல்ல. அப்பப்ப ஸ்கேன் பாத்தா போதுமாம். நெறைய பேருக்கு இப்படித்தானாம். ஒங்களுக்கு?”

அவள் முகம் வாடியது.

“ஸ்கேன் பாத்துட்டு ஊசிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வேணாங்குறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க, ஊசித் தடம் தெரிஞ்சா போச்சாம். எனக்குச் சளின்னு ஊரெல்லாம் சொல்லி, மாசக்கணக்கா மப்ளரோட சுத்த விட்டிருக்காங்க...”

“கல்யாணம் தள்ளிப் போகலாம். இது தள்ளிப் போகக் கூடாதுங்க.”

கேலியில்லாமல் சொன்னான். அது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு வட்ஸ்அப்பில் இருவருக்கும் ஓயாத பேச்சு. கட்டியைப் பற்றிக் கொஞ்சம்தான்...

வியாழக்கிழமை, அம்மாவோடு மல்லுக்கட்டி ஊசிப் பரிசோதனை செய்துகொண்டாள். கழுத்தில் பிளாஸ்டரோடு வெளியே வந்தாள். பக்கத்தில் குடையோடு உர்ரென்று அம்மா சிவனேஸ்வரி. வாசலில் தொப்பலாக நனைந்து வினோஜன்.

“ரிசல்ட்டு எப்பங்க?”

“இன்னும் நாளாகுமாம். பயமாத்தான் இருக்கு...”

“அப்ப இப்பவே கேட்டுடுறேன். நல்லபடியா வந்தப்பறம் கேட்டா, அதைப் பாத்துட்டுக் கேட்ட மாதிரி ஆயிரும். என்னா வந்தாலும் எனக்கு நீங்கதாங்க வேணும்...”

சொல்லிவிட்டு வெடவெடவென்று நடுங்கினான். குளிராலா, அம்மாவாலா, தெரியவில்லை.

ஹம்சினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா, நாளைக்கு வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு.”

சிவனேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தார். மகளின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குடையை அவன் தலைக்கு மேலே நீட்டினார்.

“அப்பா அம்மா இருக்காங்களா தம்பி?”