சார்ட்டில் எழுதிய நாடி

மதியம் ஒன்றே முக்காலுக்கு நான் டியூட்டிக்கு வந்தபோது நெஞ்சுநோய் வார்டு வழக்கம்போலத்தான் இருந்தது. இருமல் சத்தம், பினாயில் வாடை, யாரோ தள்ளிப்போன டிராலியின் கிறீச். எனக்குப் போட்டிருந்தது கடைசியில் உள்ள தனி அறை. அந்த அறைக்குள் போகவே எனக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வாய் வேறு நீளம் என்று பெயர். நான் போய் அந்த அறை வேண்டாம் என்று கெஞ்சினால் வார்டே சிரிக்கும்.

தொற்று வெளியே பரவாமலிருக்க அந்த அறைக்கு இரண்டு கதவுகள். நடுவில் ஒரு ஆள் நின்று கவுன் மாட்டிக்கொள்கிற அளவுக்கு இடம். ஒரு கதவு சரியாக மூடி, சிவப்பு விளக்கு பச்சையானால்தான் மற்றது திறக்கும்.

காலை டியூட்டி பார்த்த பெண் பையைத் தோளில் மாட்டியபடியே ஒப்படைத்தாள்.

"லாரி டிரைவர், அக்கா. ரெண்டு பக்கமும் நிமோனியா, ஆக்ஸிஜன் ஓடுது. வலது கால்ல ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கு. மணிக்கு ஒரு தடவ பாதத்துல நாடி பாக்கணும். நாடி நின்னா உடனே ஆபரேஷன். சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டா கால் மிஞ்சாதுன்னு சர்ஜன் சொல்லிட்டாரு."

"இப்ப இருக்கா?"

"பன்னெண்டுக்கு இருந்துச்சு. பேனாவால குறி போட்டிருக்கேன். ஒரு மணிக்கு…" அவள் கொஞ்சம் இழுத்தாள். "இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

அறையின் பெரிய கண்ணாடிக்கு வெளியே டிரைவரின் மனைவி நின்றிருந்தார். "சிஸ்டர், கால் போச்சுன்னா அவரு வண்டி ஓட்ட முடியாது. வண்டி இல்லன்னா அவரு உயிரோட இருக்க மாட்டாரு, எனக்குத் தெரியும்," என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

கவுன், முகக்கவசம், இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஆக்ஸிஜன் சீறிக்கொண்டிருந்தது. டிரைவர் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க டிரைவரே?"

"ஹார்ன் மட்டும் அடிக்குது சிஸ்டர். வண்டி நகரல," என்று சொல்லி இருமினார்.

சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கினேன். பாதம் ஜில்லென்று வெளுத்துக் கிடந்தது. பேனாக் குறியில் இரண்டு விரல்களை வைத்தேன்.

துடித்தது.

அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது. பாத நாடி பார்க்கும்போது அழுத்திப் பிடித்தால் நம் விரல்நுனியின் துடிப்பே நமக்குத் தெரியும். அது நோயாளியின் நாடி மாதிரியே இருக்கும். நர்சிங் படிப்பில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள். அந்தத் தப்பை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த வார்டில் இல்லை.

போன மாதம் இதே கட்டிலில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். இதே நிமோனியா, இதே மாதிரி கால். அன்று எனக்குப் பதினொரு நோயாளிகள். அவசரமாக அழுத்திப் பார்த்துவிட்டு, நாடி இருக்கிறது என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது தடவை சந்தேகம் வந்தது. முன்னால் எழுதிய இரண்டும் பொய்யாகிவிடுமே என்று அதையும் அப்படியே எழுதினேன். மறுநாள் கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர் என்றார். அந்தக் கைகளை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

ஆகவே இப்போது லேசாகத் தொட்டு, மறு கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத் துடித்தன. என்னுடையதுதான். அப்படியென்றால் இந்தக் காலில் நாடி இல்லை. கதவை நோக்கி ஓடினேன்.

சிவப்பு விளக்கு.

வெளிக்கதவு மூடித்தான் இருந்தது, கண்ணாடி வழியாகவே தெரிந்தது. பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் உள்கதவு அசையவில்லை. சுவரிலிருந்த இன்டர்காமில் கூப்பிட்டேன். டியூட்டி டாக்டர் வந்து, வெளியே இருந்த இன்டர்காமைப் பிடித்தபடி கண்ணாடி ஓரம் நின்றார்.

"எலக்ட்ரீஷியன வரச் சொல்லியாச்சு சிஸ்டர். உள்ள டாப்ளர் இருக்குமே, வெச்சுப் பாருங்க."

டாப்ளர் என்பது பேனா போன்ற ஒரு கருவி. தோலில் வைத்தால், அடியில் ரத்தம் ஓடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். இதில் விரல் ஏமாற்ற முடியாது. குறியின்மேல் வைத்தேன்.

வுஷ். வுஷ். வுஷ்.

"நல்லாத்தானே கேக்குது," என்றார் டாக்டர். "இருக்குன்னு எழுதுங்க." பின்னால் நின்ற அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் கட்டிலுக்கு மேலிருந்த மானிட்டரைப் பார்த்தேன். டிரைவரின் இதயம் எண்பத்தெட்டு. டாப்ளர் சத்தம் அதைவிட வேகமாக இருந்தது. கேட்கக் கேட்க என் நெஞ்சு படபடத்தது. நெஞ்சு படபடக்கப் படபடக்க அந்தச் சத்தமும் ஏறியது. கழுத்தில் கை வைத்தேன்.

ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை.

அவருடைய காலில் என் இதயம் ஓடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்." டிரைவர் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார். "கால்மாட்டுல உக்காந்திருக்கவரு உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாரு."

கால்மாட்டில் யாருமில்லை. மெத்தை மட்டும் ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. முகக்கவசத்தைத் தாண்டி வாடை வந்தது. அழுகின சதையின் வாடை.

"யாரு?"

"ரேடியோ ரிப்பேர் பண்றவராம். நாடி இருக்குன்னு மூணு தடவ எழுதினீங்களாம். அந்த நாடி எங்கன்னு கேக்குறாரு."

டாப்ளரைக் குறியிலிருந்து எடுக்காமல் கால்மாட்டையே பார்த்தேன்.

"எழுதிட்டீங்களா சிஸ்டர்? எனக்கு வேற வார்டுக்குப் போகணும்," என்றார் டாக்டர். அவர் போய்விட்டால் சாயங்காலம்தான் திரும்புவார். கருவி பொய் சொல்கிறது என்றால் நம்பமாட்டார், அவரே காதால் கேட்டுவிட்டார். நம்பும்படி சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"போகாதீங்க சார். போன மாசம் இந்தக் கட்டில்ல இருந்த ரேடியோ மெக்கானிக்குக்கு நாடி இருக்குன்னு எழுதினது நான்தான். அது பொய். என் விரல் துடிச்சத எழுதினேன். சந்தேகம் வந்தும் மாத்தல. இன்னைக்கும் அதே ஜில்லுன்னுதான் கால் இருக்கு. மானிட்டர்ல எண்பத்தெட்டு, இங்க நூத்திநாப்பது. ஒரு மனுஷனுக்கு ரெண்டு இதயமா சார் இருக்கும்?"

டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

டாப்ளர் சத்தம் நின்றது. ஆக்ஸிஜனின் சீறல் மட்டும் மிஞ்சியது.

டாக்டர் போனை எடுத்து ஆபரேஷன் தியேட்டரைக் கூப்பிட்டார்.

எலக்ட்ரீஷியன் கதவைக் கழற்ற இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் மெத்தையின் பள்ளம் மெல்ல நகர்ந்து நான் நின்ற பக்கம் வந்தது. பிறகு என் வலது பாதத்தின்மேல், ஷூவுக்கும் சாக்ஸுக்கும் உள்ளே, ஜில்லென்று இரண்டு விரல்கள் அமர்ந்தன. நாங்கள் எப்படி வைப்போமோ அப்படியே. லேசாக, அழுத்தாமல். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

டிரைவரின் கால் பிழைத்தது. அன்று அறையில் பேசியது எதுவும் அவருக்கு நினைவில்லை. விசாரணை நடந்தது, என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது நியாயம்தான், நான் வழக்காடவில்லை. மெக்கானிக்கின் மனைவி வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன், பட்டப்பகலில் வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனாலெல்லாம் பயனில்லை. மணிக்கு ஒரு தடவை அந்த விரல்கள் வருகின்றன. இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, ஒரு நிமிஷம் முழுதாக எண்ணிவிட்டுப் போகின்றன.

இந்த வாரம் என் பாதத்தில் நாடியைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.